பதியுதோ இல்லையோ என்று எனக்கே தெரிய வேணும்

நேர்காணல் வேலைக்கு எந்த ரெக்கோடர் வாங்கலாம் என்று என்னைப் போல பார்வையற்ற நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்டவுடனே ஒலியின் தரத்தைப் பற்றித்தான் பேச்சுப் போகிறது. என் அபிப்பிராயம் வேறு. கதைக்கிறவருக்குக் கிட்ட வைத்தால், சாதாரண ரெக்கோடரிலேயே பிறகு கேட்டு எழுதுகிற அளவுக்குக் குரல் பதியும். நான் முதலில் பார்ப்பது வேறு விஷயம். இது பதிகிறதா, பற்றரி எவ்வளவு இருக்கிறது, கார்ட்டில் இடம் இருக்கிறதா என்பதை ஒருவரையும் கூப்பிடாமல் நானே அறிய முடியுமா?

இது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயமில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிக் கதைக்க ஒரு தாய் சம்மதிக்கிறார். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிறோம். சிவப்பு லைட் எரிகிறதா என்று பார்க்க அந்த நேரத்தில் மூன்றாம் ஆளை உள்ளே எடுத்தால், அவர் சொல்ல வந்ததில் பாதி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். வெளியில் போகாது என்று நான் கொடுத்த வாக்கும் அதோடு சரி. "பிள்ளை, இது பதியுதோ?" என்று அவர் கேட்டால், "ஓம் அம்மா, பதியுது" என்று நான் நிச்சயமாகத் தெரிந்து சொல்ல வேண்டும்.

நிறைய ரெக்கோடர்களில் ஒரே பட்டன்தான். முதல் தரம் அமத்தினால் பதியும், அடுத்த தரம் அமத்தினால் இடையில் நிற்கும். கண் தெரிந்தவருக்குத் திரை சொல்லிவிடும். கைக்கு இரண்டும் ஒன்றுதான். மெனுவில் எத்தனை தரம் கீழே, எத்தனை தரம் உள்ளே என்று மனப்பாடம் செய்து சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விரல் ஒரு தடவை தவறினால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தெரியாது.

ஆகவே பேசுகிற கருவிதான் வேண்டும். ஒலிம்பஸின் டி.எம். வரிசையில் குரல் வழிகாட்டல் இருந்தது. அந்த ரெக்கோடர் வியாபாரம் 2021இல் வேறு கம்பனிக்குக் கைமாறியது. 2024இல் ஸூம் கம்பனி எச்1, எச்4, எச்6 எசென்ஷியல் என்று மூன்று மாடல்களைக் கொண்டுவந்தது. மூன்றுமே மெனுவை வாசித்துச் சொல்லும். தமிழில் பேசாது, அது ஒரு குறைதான். ஆனால் அதில் வருகிற ஆங்கிலம் நாலைந்து சொற்களுக்குள் அடங்கிவிடும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 32 பிட் ஃப்ளோட் முறை, அதாவது மிக மெல்லிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒரேயடியாகப் பதிகிற முறை. சாதாரண ரெக்கோடரில் ஒலியைக் காட்டுகிற மீற்றரில் முள் எங்கே ஏறுகிறது என்று பார்த்து ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கூடினால் குரல் உடைந்துபோகும், பிறகு திருத்தவே முடியாது. இந்த முறையில் அந்த வேலையே இல்லை. முணுமுணுப்பாகச் சொன்னதையும் திடீரென்று குரல் உயர்ந்து அழுததையும் வீட்டுக்கு வந்து கணினியில் சரிசெய்யலாம். பார்க்க முடியாத ஒரு மீற்றரின் தேவையையே எடுத்துவிட்டார்கள், அதுதான் பெரிய விஷயம். ஃபைல் பெரிதாக இருக்கும், ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 1.4 ஜிபி. பெரிய கார்ட் போடுங்கள்.

இரைச்சலை மட்டும் இந்த முறை போக்காது. பருத்தித்துறைப் பக்கம் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் முற்றத்தில் இருந்து பதிந்தால் காற்றுத்தான் கதைக்கும். மைக்குக்கு ஸ்பொஞ்ச் உறையோ மயிர் உறையோ கட்டாயம். வீட்டுக்குள் என்றால் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபானை நிற்பாட்டலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிவாவதைக் கேட்க ஒரு காதில் இயர்போனோடு இருங்கள், ஆனால் முதலே அவருக்குக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். பதிவைத் தொடங்கியதும் திகதியையும் ஊரையும் வாயால் சொல்லுங்கள். பிறகு ஃபைல்களைப் பிரித்தெடுக்க அது போதும், பெயர் சொல்லத் தேவையில்லை.

காசு இல்லாதவர்கள் போனிலேயே பதியலாம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற டோக்பாக் (அண்ட்ரொய்ட் போனில்), வாய்ஸ்ஓவர் (ஐபோனில்) இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வருகிற அழைப்பு பதிவை நிறுத்திவிடக்கூடும். இயர்போன் போடாவிட்டால் போன் வாசிக்கிற குரலும் சேர்ந்து பதியும்.

எனக்குக் கோபம் வருவது அலுவலகங்களில்தான். மூன்று கொட்டேஷன் எடுப்பார்கள், குறைந்த விலைக்கு வாங்குவார்கள், பாவிக்கப் போகிறவரிடம் ஒரு சொல் கேட்க மாட்டார்கள். பிறகு "உங்களுக்கு உதவிக்கு ஒரு ஆளைத் தாறம்" என்பார்கள். எனக்கு ஆள் வேண்டாம், எனக்குப் பேசுகிற மெஷின் தாருங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. வேலைத்தலத்தில் நியாயமான வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கொட்டேஷன் கேட்கிற கடிதத்தில் "மெனுவைக் குரலில் வாசிக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. யாழ்ப்பாணத்தில் இந்த வேலைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறவர்கள் என் நண்பர் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். அடுத்த முறை வாங்க முதல் அந்த வரியை எழுதுங்கள், பெட்டியை உடைத்ததும் முதலில் எங்கள் கையில் தாருங்கள்.