எதை மறைப்பது, எதைச் சொல்வது

அணுமின் நிலையங்களைப் பற்றிய எல்லா அறிக்கைகளையும் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று ஒரு கட்டுரை வாதிடுகிறது. அந்த வாதத்தை, மும்பையில் ட்ராம்பேக்கு அருகே செம்பூரில் வசிக்கும் என்னால் ஏற்க இயலவில்லை. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபெண்டா தீவுக்குப் படகேறும் எவருக்கும் ட்ராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வெண்ணிறக் குவிமாடங்கள் தெரிகின்றன. படகிலிருந்தே தெரிவதைக் காகிதத்தில் மறைத்துப் பயன் என்ன?

காவலர் பணிமுறை, கதவுகளின் அமைப்பு, கட்டுப்பாட்டு வலையமைப்பின் வரைபடம் ஆகியவை வெளிவரவே கூடாது. ஆனால் நிலநடுக்க ஆய்வும், விபத்து நேர்ந்தால் எந்த ஊர் மக்கள் எந்தச் சாலையில் வெளியேற வேண்டும் என்பதும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. கூடங்குளம் நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை, வடிவமைப்பாளருக்கே உரிமையான வடிவமைப்பு விவரங்களை நீக்கிவிட்டு வெளியிடுமாறு மத்தியத் தகவல் ஆணையம் 2012இல் உத்தரவிட்டது இந்த வேறுபாட்டின் அடிப்படையில்தான். மறைக்க வேண்டியதை நீக்கி மற்றதைத் தருவதற்கான வழி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவிலேயே இருக்கிறது. நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகமோ அந்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடியது.

2019 அக்டோபரில் அதே நிலையத்தின் கணினியில் தீநிரல் (கணினிக்குத் தீங்கு செய்யும் மென்பொருள்) புகுந்ததாகச் செய்தி வந்தபோது, அது பொய்த் தகவல், கட்டுப்பாட்டு அமைப்பின் மீது இணையத் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்றது நிலைய நிர்வாகம். மறுநாளே, நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் அது கண்டறியப்பட்டது உண்மை என்றும், நிலையத்தின் இயக்க அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இந்த இரண்டாவது விளக்கத்தை முதல் நாளே தந்திருந்தால் எந்த ரகசியமும் வெளியாகியிருக்காது. வதந்திக்கும் இவ்வளவு இடம் கிடைத்திருக்காது.