கொஞ்சம் யோசிக்க விடுங்கப்பா

நேத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துல, மாந்தோப்புக்குப் பேர்போன காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மனை பாக்கப் போனோம். வண்டிய விட்டு எறங்கக்கூட இல்ல, அதுக்குள்ள புரோக்கர் அண்ணன் "சார் இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங், இப்பவே டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்க"ன்னு போன்ல க்யூஆர் கோட நீட்டறாரு. இருபது வருஷ சம்பாத்தியம்ங்க அது, அஞ்சு நிமிஷத்துல எப்படி முடிவு பண்றது? பட்டா யார் பேர்ல இருக்கு, 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டு கடன், அடமானம் ஏதும் இருக்கான்னு பாக்கணும், மனைப்பிரிவுக்கு அரசு தர்ற டிடிசிபி அப்ரூவல் இருக்கா, வழி எப்படி, எதையும் கேக்க விடல. கேட்டா மூஞ்சி சுருங்குது.

எங்க தாத்தா நெலம் வாங்கறப்ப மழை பேஞ்ச மறுநாள் வெறுங்கால்ல நடந்து எங்க தண்ணி நிக்குதுன்னு பாத்துட்டுதான் வெல பேசினாராம். ஒட்டு மாங்கன்னு வச்சாலே ஒழுங்கா காய்க்க 4, 5 வருஷம் ஆகும், காத்திருக்கறது இந்த ஊருக்குப் புதுசா என்ன? காலைலேந்து புரோக்கர் ஆறு தடவ போன் பண்ணிட்டாரு, "ரேட் ஏறிடும் சார்"னு. ஏறட்டும். திங்கக்கெழம சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் போய் கேட்டுட்டு வந்துதான் பேசுவேன்.