சமரசப் பத்திரத்தில் வரைபடம் எங்கே?
‘மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசமானால் மேல்முறையீடு கிடையாது, பிரச்சினை அதோடு தீர்ந்தது’ என்கிறது இந்தக் கட்டுரை. முதல் பாதி சரி. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 21 படி அந்தச் சமரசத் தீர்வு உரிமையியல் (சிவில்) நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். நிலுவை வழக்கென்றால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பும். சிக்கல், எதிர்த்தரப்பு சொன்னபடி நடக்காதபோது தீர்வை அமல்படுத்தக் கேட்டுப் போடும் நிறைவேற்று மனுவில்தான் வருகிறது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குப் போகும் வழித்தடத் தகராறில் ‘வாதிக்கு வழி விடச் சம்மதம்’ என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எந்த சர்வே எண், எந்த உட்பிரிவு, எத்தனை அடி அகலம், காய் ஏற்றும் லாரி வரலாமா, ஒன்றும் இருக்காது. உத்தரவை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து நின்றால் எதை அளந்து விடுவார்? சர்வேயர் அளந்த வரைபடத்தில் வழியைச் சிவப்பு மையால் குறித்து, இரு தரப்பும் அதிலும் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். பொதுக்கிணறு என்றால் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர், மோட்டார் காயில் எரிந்தால் செலவு யார் தலையில் என்பது வரை எழுதணும். பாகப்பிரிவினையில் கையெழுத்திடாத அக்கா, தங்கையை அந்தச் சமரசம் கட்டுப்படுத்தாது. அவர்கள் புது வழக்கே போடலாம். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ஊர்ப் பஞ்சாயத்தே போதும் என்கிறார். பஞ்சாயத்தில் எழுதித் தரும் பேப்பரை வைத்து நிறைவேற்று மனு போட முடியாது.