பி.எட். சான்றிதழை யாரும் நம்பவில்லை, அதனால்தான் இத்தனை தேர்வுகள்

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சே இல்லை. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதாமல் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பாக்கி இருந்தால் இரண்டாண்டுக்குள் அதில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை போகும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு என்றால் வேலை தப்பும், பதவி உயர்வு கிடையாது. இருபது வருடம் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து, பொதுத் தேர்வில் நல்ல தேர்ச்சி காட்டிய ஒரு கணக்கு ஆசிரியர் இப்போது மதிய இடைவேளையில் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கான டெட் தாள் இரண்டில் கணக்கும் அறிவியலும் சேர்த்துத்தான் 60 கேள்வி. கணக்கு வாத்தியாருக்குத் தவளை இதயத்தில் எத்தனை அறை என்றும் தெரிய வேண்டும்.

நான் 2013-இல் டெட் எழுதித் தேறி வந்தவன். அதனால் எனக்கு இந்தத் தீர்ப்பால் நேரடியாகப் பாதிப்பில்லை. டெட் வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. என் கேள்வி வேறு. இரண்டு வருடம் படித்து, பல்கலைக்கழகம் முத்திரை குத்திக் கொடுத்த பி.எட். பட்டம் கையில் இருக்கும்போது, 'இவர் ஆசிரியராகத் தகுதியானவரா' என்று இன்னொரு தேர்வு வைத்துக் கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது?

பட்டத்தின் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான ஆணையம் 2012-இலேயே ஆசிரியர் கல்வியின் லட்சணத்தைப் போட்டு உடைத்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை அந்த ஆணையத்தை மேற்கோள் காட்டி, நாட்டில் தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை உருப்படியாகப் பயிற்சி கொடுக்க முயற்சிகூடச் செய்வதில்லை, பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று எழுதியே வைத்திருக்கிறது. அந்தக் கொள்கையோடு எனக்கு ஏகப்பட்ட சண்டை உண்டு. ஆனால் இந்த ஒரு வரியோடு சண்டை போட முடியாது. நம் ஊரில் 'ரெகுலரா வர வேண்டாம், எக்ஸாமுக்கு வந்தால் போதும்' என்று சொல்லிச் சேர்க்கை போடும் கல்லூரிகளைப் பற்றித் தெரியாத பட்டதாரி யாராவது இருக்கிறார்களா? வருகைப் பதிவுக்குத் தனி ரேட், ரெக்கார்டு எழுதித் தர ஆள், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் (வெளித் தேர்வாளர்) வரும் அன்றைக்கு மட்டும் புடவையும் சார்ட்டும்.

சரி, இதைச் சரிசெய்ய என்ன செய்தார்கள்? வாசலில் ஒரு பூட்டு போட்டார்கள். அது போதவில்லை என்று அடுத்த பூட்டு. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தபோது எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதிர்ந்துபோய் மறுதேர்வு வைத்தார்கள். அப்புறம் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண் தளர்வு வந்தது. டெட் மார்க்கோடு பழைய மார்க்குகளையும் சேர்த்துத் தரவரிசை போடும் வெயிட்டேஜ் முறையும் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கையும் கூட்டிக்கொண்டதால், மார்க்கை அள்ளிக் கொடுக்காத காலத்தில் படித்த மூத்தவர்கள் பின்னுக்குப் போனார்கள். 2018-இல் அதைத் தூக்கிவிட்டுத் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்றார்கள். அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். 2013-இல் என்னோடு தேறியவர்களில் சிலர் தங்கள் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு அந்த ஹாலில் உட்கார்ந்து ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பினார்கள்.

மேல்நிலைக்குப் போனால் இன்னும் வேடிக்கை. கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நிற்பதால் டெட்டும் அதோடு நிற்கிறது. பதினொன்று, பன்னிரண்டுக்கு எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கு டெட் இல்லை, ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி. நடத்தும் போட்டித் தேர்வுதான். 150 கேள்வியில் பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. பியாஜே என்ன சொன்னார், வைகாட்ஸ்கி என்ன சொன்னார், புளூம் எத்தனை படிநிலை வைத்தார் என்று மனப்பாடம் செய்தால் அந்த முப்பதில் இருபத்தைந்து நிச்சயம். கோச்சிங் சென்டர் நோட்ஸ் போதும். எட்டு போட்டுக் காட்டச் சொல்லாமல், போக்குவரத்துச் சின்னங்களை மட்டும் கேட்டு லைசென்ஸ் கொடுக்கிற கதை. இத்தனை கட்டத்தில் ஒன்றில்கூட அந்த ஆள் ஒரு வகுப்பில் நின்று பாடம் நடத்துவதை யாரும் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டிய ஒரே இடம் பி.எட். படிப்பில் வரும் பள்ளிப் பயிற்சி. 2014 விதிமுறைகளில் படிப்பை இரண்டாண்டாக்கியபோது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்றது. அதில் பதினாறு வாரம் இரண்டாம் ஆண்டில். காகிதத்தில் அருமையான ஏற்பாடு. பள்ளியில் அது எப்படி நடக்கிறது என்பதை நான் வருடா வருடம் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

பயிற்சி ஆசிரியர்கள் கும்பலாக வருவார்கள். தலைமை ஆசிரியர் முதலில் பார்ப்பது யார் யார் லீவு என்பதை. எந்த வகுப்புக்கு ஆள் இல்லையோ அங்கே அனுப்பிவிடுவோம். பிளாக் போர்டு, எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் இணையதளம்) பதிவு, விடைத்தாள் கூட்டல், பிரேயரில் வரிசை நிறுத்துவது எல்லாம் அவர்கள் தலையில். வழிகாட்டி ஆசிரியர் என்று என் பெயர் இருக்கும். அதற்காக எனக்கு ஒரு பீரியட் குறையாது. அவர்கள் எடுக்கும் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்க்க நேரமும் இருக்காது, ஏனென்றால் அதே நேரத்தில் எனக்கு வேறு வகுப்பு. கல்லூரியிலிருந்து வருபவர் ஒரு டீ குடித்து, லெசன் பிளானில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கடைசியில் தலைமை ஆசிரியர் முத்திரை. முடிந்தது.

போன முறை வந்த ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். கணக்கில் முதுகலை முடித்தவர், நன்றாகப் படித்தவர். ஒன்பதாம் வகுப்பில் மெய்யெண்கள் பாடம். எனக்கு அன்று அந்த பீரியட் ஓய்வாக அமைந்ததால் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். பை ஒரு விகிதமுறா எண், அதாவது இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண் என்று எழுதிப் போட்டார். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், பைன்னா 22/7 தானே? அது பின்னம்தானே? அப்புறம் எப்படி விகிதமுறா எண்?" என்றான். 22/7 தோராயம் மட்டுமே என்று அவர் சமாளித்தார். பையன் விடவில்லை. "சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் பைன்னு எட்டாவதுல சொன்னாங்களே, அது விகிதம்தானே?"

அவர் நின்றுவிட்டார். கையில் வைத்திருந்த லெசன் பிளானில் 'மாணவர் கூறும் விடை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லா மாணவர்களும் எப்போதும் சரியான விடையையே கூறுவார்கள்.

சுற்றளவு, விட்டம் இரண்டும் ஒரே நேரத்தில் முழு எண்களாக அமையவே அமையாது என்பதுதான் பதில். அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இல்லை. முதுகலை கணக்கு படித்தவருக்குத் தெரியும். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை எந்த இடத்தில் சிக்கும், அப்போது எதைக் காட்டி அவிழ்ப்பது என்பது தனி அறிவு. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-இலேயே இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். பட்டப்படிப்பு பாடத்தைத் தருகிறது, பி.எட். பொதுவான உளவியலைத் தருகிறது. நடுவில் இருக்கிற இந்த அறிவு வகுப்பறையில், அதுவும் அனுபவப்பட்ட ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்த்து, மதியம் கூப்பிட்டுப் பேசினால்தான் வரும். அன்று மதியம் நாங்கள் அரை மணி நேரம் பேசினோம். ஒரு மூடியையும் நூலையும் வைத்துக்கொண்டு மறுநாள் அவரே அந்தப் பையனிடம் திரும்பப் போனார். அந்தப் பதினாறு வாரத்தில் நான் அவர் வகுப்பில் உட்கார முடிந்தது அப்படி ஒன்றிரண்டு முறைதான். மற்ற நாளெல்லாம் அவர் தனியாகத்தான் இருந்தார்.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் கதை 1856-இல் தொடங்குகிறது. அந்தக் கல்லூரியோடு சேர்ந்தே ஒரு மாதிரிப் பள்ளி உண்டு. சொல்லிக் கொடுக்கிறவரும் கற்றுக்கொள்கிறவரும் பிள்ளைகளும் கூப்பிடு தூரத்தில். இன்று பி.எட். கல்லூரி புறவழிச் சாலையில் இருக்கிறது. அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு குழந்தை கிடையாது.

ஆகவே இன்னொரு தேர்வு வைக்கலாமா, வயதானவர்களுக்குச் சலுகை தரலாமா என்பதை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பதினாறு வாரம். வழிகாட்டி ஆசிரியருக்கு வாரத்துக்கு நாலு பீரியட் குறைத்துக் கொடுங்கள். அதற்கு ஒரு சிறு தொகையும் கொடுங்கள். பயிற்சி மதிப்பெண்ணில் பாதியாவது பள்ளி போடட்டும், கல்லூரி போட வேண்டாம். ஒரு பயிற்சி ஆசிரியரைக் குறைந்தது நான்கு வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வாரங்களில், சொல்லாமல் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

இப்படிச் சொன்னதும் ஒரு நண்பர் கேட்டார், "மனுஷன் மார்க் போட்டால் காசு விளையாடாதா, ஓ.எம்.ஆர். மெஷினுக்கு யாரும் லஞ்சம் கொடுக்க முடியாதே?" நியாயமான பயம். நேர்முகத் தேர்வு என்றாலே சிபாரிசுக் கடிதம் என்று ஆகிப்போன நாடு இது. வேலைக்கு எடுக்கும்போது வகுப்பெடுத்துக் காட்டச் சொல்லவோ நேர்முகம் வைக்கவோ வேண்டும் என்று 2020 கொள்கையிலும் இருக்கிறது, அதை ஒரே நாளில் ஒரே குழு முன்னால் வைத்தால் நண்பர் சொல்வதுதான் நடக்கும். நாலு மாதம் முழுக்க, பல பேர் பார்த்து எழுதும் குறிப்பேட்டை விலைக்கு வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. செலவு அதிகம் என்பார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் லட்சக்கணக்கானவர்களிடம் கட்டணம் வாங்குகிறோம், அதில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும்.

இதெல்லாம் வரும்வரை சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பேட்ச் பி.எட். பிள்ளைகள் வரும்போது அவர்களை எமிஸ் வேலைக்கு உட்கார வைக்காதீர்கள். ஆள் இல்லாத ஆறாம் வகுப்புக்குக் காவல் போடவும் வேண்டாம். உங்கள் ஒன்பதாம் வகுப்பைக் கொடுங்கள், முடிந்த பீரியடில் பின்னால் போய் உட்காருங்கள்.