சீன மொழியின் 'கை' என்றால் 'ஓப்பன்' மட்டும் அல்ல
சீன மொழியின் 'கை' என்ற வினைக்கு நேர் ஆங்கிலச் சொல் 'ஓப்பன்'தான், இதை மனப்பாடம் செய்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது படிப்பவர்களைத் தவறான வழியில் விடும். கதவு, கடை, வங்கிக் கணக்கு வரைக்கும் சரி. ஆனால் சீனத்தில் விளக்கைப் போடுவது ('கை தெங்'), கார் ஓட்டுவது ('கை ச்ச') எல்லாமே அதே வினைதான். ஆங்கிலத்தில் விளக்குக்கு 'டர்ன் ஆன்', காருக்கு 'டிரைவ்'. 'ஓப்பன் த லைட்' என்பது சிங்கப்பூர்ப் பேச்சில் சகஜம், அங்கே அதில் தப்பே இல்லை; தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

அதிகம் குழப்புவது கூட்டம்தான். 'கை ஹுவெய்' என்றால் கூட்டம் நடத்துவது, அதில் கலந்துகொள்வது இரண்டும். 'ஓப்பன் எ மீட்டிங்' என்றாலோ கூட்டத்தைத் தொடங்கி வைப்பது மட்டும். மீட்டிங்கில் இருப்பதைச் சொல்ல 'ஐ ஆம் இன் எ மீட்டிங்' போதும். தயவுசெய்து சொல்லைத் தனியாகப் படிக்காமல், கூட வரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்துப் படியுங்கள்.