கடைசியாக அனுப்பாதீர்கள்

"எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. எதுக்கும் ஒரு தடவை சைக்காலஜிஸ்ட்டையும் பார்த்துடுங்க."

நாள்பட்ட நோயோடு இருப்பவர்களில் நிறையப் பேர் இந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் என்னைப் போன்ற உடல்நல உளவியலாளரிடம் வருகிறார்கள். வரும்போதே முகம் இறுகிப்போயிருக்கும். "அப்போ நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்பார்கள். உங்கள் வலி நிஜம், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை என்று புரியவைப்பதிலேயே முதல் அமர்வு முடிந்துவிடும். மருத்துவ நண்பர்களிடம் தனியாகச் சொல்லிவருவதை இன்று பொதுவில் சொல்கிறேன். வேறு வழியில்லாதபோது அனுப்பும் இடமாக எங்களை வைக்காதீர்கள். நோய் இன்னதென்று தெரிந்த முதல் வாரத்திலேயே, மருந்துச் சீட்டோடு சேர்த்து அனுப்புங்கள்.

இது புதுக் கோரிக்கை ஒன்றுமில்லை. உடல், மனம், வாழும் சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவம் வேண்டும் என்று ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1977இலேயே எழுதிவிட்டார். அதற்கும் முன்னால், 1965இல், ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் வலியைப் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். காயத்திலிருந்து கிளம்பும் செய்தி தண்டுவடத்திலேயே கூடவோ குறையவோ செய்கிறது, மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளுக்கும் அதில் கை உண்டு என்றார்கள். விவரங்கள் பிற்பாடு திருத்தப்பட்டன, அடிப்படை நிற்கிறது. பயமும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டுகின்றன என்றால் அந்த வலி பொய் என்று அர்த்தமா? அவற்றையும் கவனித்தால்தான் வைத்தியம் முழுமையாகும்.

"அங்கே போனா சும்மா பேசத்தானே போறாங்க?" என்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆமாம், பேசுவோம். ஆனால் எதைப் பேசுகிறோம் என்று பாருங்கள். இந்த நோய் என்னவென்று நினைக்கிறீர்கள், எதனால் வந்தது, எவ்வளவு காலம் இருக்கும், உங்கள் வாழ்க்கையில் எதையெல்லாம் மாற்றும், உங்களாலோ மருந்தாலோ அதைக் கட்டுக்குள் வைக்க முடியுமா? ஹோவர்ட் லெவன்தால் என்ற உளவியலாளரின் ஆய்வுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒவ்வொரு நோயாளிக்கும் மனதுக்குள் இவற்றுக்கு ஒரு பதில் இருக்கிறது. மருத்துவரின் பதிலும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் லெவன்தாலும் சகாக்களும் செய்த ஆய்வு 1985இல் வெளியானது. பிரஷர் ஏறினால் வெளியே தெரியாது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தன் விஷயத்தில் மட்டும் தனக்குத் தெரிந்துவிடும் என்று அவர்களே நம்பினார்கள். தலைவலி இல்லாத நாளில் மாத்திரை எதற்கு என்று தோன்றுவது அங்கிருந்துதான். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால மருந்துகளைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கை சொல்கிறது. இரண்டு பேரில் ஒருவர்! இதைச் "சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டால், அவர்கள் மனதில் இருக்கும் அந்தப் பதிலை யார் கேட்பது?

சர்க்கரை நோயில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது, ரத்தச் சர்க்கரை அளவைக் காட்டும் எண்ணுக்குப் பயப்படுவது. ஒரு பெண்மணி, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன், தன் நோட்டில் வீட்டாருக்குக் காட்ட ஓர் எண்ணும், பின்பக்கத்தில் பென்சிலால் சின்னதாக உண்மையான எண்ணும் எழுதிவைத்திருந்தார். மகன் அலுவலகத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக நோட்டைப் பார்ப்பாராம். எண் ஏறியிருந்தால் அன்று வீட்டில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அவருக்கு இருந்தது மனச்சோர்வு நோய் இல்லை. ஓய்வே இல்லாமல் ஒரு நோயைச் சுமப்பதன் களைப்பு அது. இதை அளப்பதற்கென்றே 24 கேள்விகள் கொண்ட அளவுகோலை உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கியும் சகாக்களும் 1995இல் வெளியிட்டார்கள். அடுத்த அமர்வுக்கு மகனையும் வரச் சொன்னேன். எதைக் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்று இருவரும் என் முன்னாலேயே பேசி முடிவு செய்தார்கள். "எவ்வளவு இருந்துச்சு?" என்பதை விட்டுவிட்டு "இன்னிக்கு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்பதாக ஏற்பாடு. பென்சில் எண்கள் முன்பக்கத்துக்கு வந்த பிறகு, மருத்துவரால் மருந்தின் அளவைச் சரியாக மாற்ற முடிந்தது.

என் வேலையில் எனக்கே மிகக் கடினமாகத் தோன்றுவது, முடிகிற நாளில் நிறுத்தக் கற்றுக்கொடுப்பதுதான். முடக்குவாதமோ தீராத முதுகுவலியோ உள்ளவர்களுக்கு எப்போதாவது ஒரு நல்ல நாள் வாய்க்கும். சேர்ந்து கிடந்த வேலையெல்லாம் அன்றே முடித்துவிட வேண்டும் என்று வேகம் வரும். முடிப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. அந்த நாள்களின் குற்றவுணர்ச்சி சேர்ந்து, அடுத்த நல்ல நாளில் இன்னும் அதிகம் செய்ய வைக்கும். இதை உடைக்க, மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவைக் கண்டுபிடித்து, நல்ல நாளிலும் அவ்வளவே செய்து நிறுத்தச் சொல்வோம். கேட்க எளிது. இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு ஒருவர் அலமாரி துடைக்கிறார். மேல் தட்டு பளிச்சென்று இருக்கிறது, கீழ்த் தட்டில் தூசி அப்படியே கிடக்கிறது, அலாரம் அடிக்கிறது. வலி இன்னும் வரவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும். "எதையும் பாதியில விடறவ இல்ல நான்" என்று அழுதவர்கள் உண்டு. அலமாரிக்காக வரும் அழுகையா அது? நோய்க்கு முன்னால் இருந்த தன்னை நினைத்து வருவது. அந்தத் துக்கத்துக்கு இடம் கொடுக்காமல் வெறும் அட்டவணை போட்டுக் கொடுத்தால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

இங்கே என் துறைக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லா நோய்க்கும் ஒரே வழி பொருந்தாது. நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களைப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லிப் பல வருடம் தள்ளினோம். எங்களுக்கு மோசமாகிறது என்று அவர்கள் கதறிக்கொண்டே இருந்தார்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் அந்தச் சிகிச்சையை அளிக்கக் கூடாது என்று வழிகாட்டுதலையே மாற்றியது. நோயாளி சொல்வதை நம்பாத உளவியல் யாருக்கும் உதவாது.

அதே போலத்தான் "தைரியமா இருந்தா நோய் ஓடிடும்" என்பதும். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் கொடுமை அது. முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்குக் குழுவாக மனநல ஆதரவு கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலின் 1989 ஆய்வு சொன்னபோது உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2001இல் பமேலா குட்வின் குழுவினர் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள், ஆயுள் கூடவில்லை. 2007இல் வெளியான ஸ்பீகலின் இன்னொரு ஆய்விலும் மொத்தத்தில் கூடவில்லை. ஆனால் 2001 ஆய்வில் மனநிலை தேறியது, வலியின் கடுமை குறைந்தது. முக்கியமாக, அதிகம் தவித்தவர்களுக்கு. எனக்கு அது போதும். இருக்கிற நாள்களில் வலி குறைவது சின்ன விஷயமா? நோய் முற்றினால் "மனசுல தெம்பில்லை" என்று பழியையும் நோயாளி தலையில் கட்டாதீர்கள்.

மருத்துவர்களே, அனுப்பும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இந்த நோய் ரொம்ப வருஷம் உங்களோட இருக்கப்போகுது. மருந்தை நான் பார்த்துக்கறேன். தினமும் இதை எப்படிச் சமாளிக்கறதுன்னு கூட இருந்து யோசிக்க ஒருத்தர் வேணும். இந்த நோய் இருக்கற எல்லாரையும் அனுப்பறேன், உங்களையும் அனுப்பறேன்."

நோயோடு இருப்பவர்கள் யாரும் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே கேளுங்கள். போகும் இடத்தில் நாள்பட்ட நோயாளிகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று தயங்காமல் விசாரியுங்கள். உங்களைப் பார்த்துக்கொள்கிறவரையும் ஒரு தடவை அழைத்து வாருங்கள், அவர்களோடும் தனியாகப் பேச வேண்டியிருக்கும். எழுந்து வர முடியாத நாள்களில் போனிலேயே அமர்வு வைக்க முடியுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.