இடிக்கறதுக்கு முன்னாடி மொட்டைமாடியில ஏறி நின்னு பாருங்க

நாகர்கோவில் மணிமேடையைச் சுற்றியோ கோட்டாறு கடைத்தெருவிலோ நடக்கும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். கீழே பளபளவென்று செல்போன் கடை. அதற்கு மேலே அலுமினியப் பலகை. பலகை முடிகிற இடத்தில் பழைய மரச்சன்னல், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று. தக்கலை, மார்த்தாண்டம், செங்கோட்டை எங்கும் இதே காட்சிதான். கீழ்த்தளம் லட்சங்களில் புரள, மேலே இரண்டு மாடி வௌவாலுக்கு. கேட்டால் ஒரே பதில்: "பழைய கெட்டிடம், தாங்காது."

அது தவறு என்பதுதான் இந்தப் பதிவு. இந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை வயது கொல்லவில்லை. தண்ணீர் பாதி கொன்றது, பழுதுபார்க்கிறேன் என்று பூசிய சிமெண்டு மீதியைக் கொன்றது.

உயரக் கட்டடம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சென்னை எல்.ஐ.சி. 1959ல் திறந்தது, 177 அடி. 1975ல் தீப்பிடித்து எரிந்தது. சரிசெய்தார்கள், இன்றும் அண்ணா சாலையில் நிற்கிறது. தீயில் வெந்ததையே காப்பாற்றிய நாட்டில், மூன்று மாடிச் சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) ஏறியதும் ஜே.சி.பி.யைக் கூப்பிடுகிறோம்.

முதலில், பூட்டிக் கிடக்கும் மாடிக்குள் எப்படிப் போவது? உரிமையாளர் அனுமதியோடு, பகலில், இரண்டு பேராக. மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிடுங்கள். பழைய பலகைக் கேசிங் வயரில் துணி உறை உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். தளத்தின் நடுவில் நடக்காதீர்கள். சுவரை ஒட்டி, உத்திரக் கட்டை போகிற கோட்டின் மேலே கால் வையுங்கள். வௌவால் எச்சம் கனமாகக் கிடந்தால் முகக்கவசம் இல்லாமல் கூட்ட வேண்டாம், முதலில் நனையுங்கள். பழைய நீர்த்தொட்டிக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ காற்றோட்டம் பார்க்காமல் யாரையும் இறக்கக் கூடாது.

உள்ளே போனதும் நேராக மொட்டைமாடி. நமக்கு எடவப்பாதி மழையும் (ஜூனில் வரும் தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மற்ற மாவட்டத்துக் கட்டடம் ஒருமுறை நனைந்தால் நம்முடையது இருமுறை நனையும், நடுவில் காய நேரம் கொஞ்சம்தான். மழைநீர்க் குழாய் எத்தனை, வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மணிக்கு 100 மி.மீ. மழைக்கு ஒரு 4 அங்குலக் குழாய் ஏறத்தாழ 85 சதுர மீட்டர் கூரைக்குத்தான் போதும். ஆயிரம் சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். அங்கே ஒற்றைக் குழாய், அதன் வாயிலும் இலை என்றால் மாடி குளமாகும். அந்தக் குளம்தான் கீழே ஒழுகுகிறது. பல இடங்களில் மொத்த வைத்தியமும் இன்னொரு குழாய் போட்டு, வாயில் கம்பிக்கூடை மாட்டுவதோடு முடிந்துவிடும். அதைச் செய்வதில் காண்டிராக்டருக்கு லாபம் இல்லை, அதனால் யாரும் சொல்வதில்லை.

பழைய தளம் மெட்ராஸ் டெரஸாக இருந்தால் அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள். தேக்கு அல்லது அயனிக் (காட்டுப்பலா) கட்டைகள் ஒன்று முதல் ஒன்றரை அடி இடைவெளியில். அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக, குறுக்குச் சாய்வில் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் மூன்று நான்கு அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை. கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. ஒழுகினால் நம் ஆட்கள் செய்வது, மேலே இரண்டு அங்குலம் சிமெண்டு கான்கிரீட் போடுவது. அந்த இரண்டு அங்குலம் சதுர மீட்டருக்கு 120 கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு 11 டன். அடுத்த மழையில் கான்கிரீட்டில் மயிரிழை விரிசல் விடும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் மேலே ஆவியாக வழியில்லாமல் கட்டையின் தலையில் போய் உட்காரும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒவ்வொரு அடுக்கு. கடைசியில் ஒரு நாள் கட்டை முறியும், "பாத்தியா, தாங்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்லா" என்பார்கள்.

செய்ய வேண்டியது தலைகீழ். மேலே ஏற்றியதை எல்லாம் இறக்குங்கள், கையால் உளி வைத்து. அதிர்வு எந்திரம் வேண்டவே வேண்டாம். பழைய ஜல்லித் தளம் பொக்கென்று சத்தம் வருகிற இடத்தை மட்டும் வெட்டி எடுங்கள். புதுக் கலவைக்குப் பொதுப்பணித் துறையின் பழைய கணக்கே போதும்: 32 கன அடி செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரை கன அடி நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. ஜல்லி 20 மி.மீ., நன்றாக வெந்த செங்கல்லாக இருக்க வேண்டும், முதல் நாளே நனைத்து வைக்க வேண்டும். கொட்டியதும் மரக் கட்டையால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கக் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்து, கட்டை துள்ளித் திரும்புகிற வரை. ஒரு நாள் வேலை இல்லை இது. அவசரப்பட்டு அன்றே தட்டோடு பதித்தால் உள்ளே புழுங்கி இளகிக் கிடக்கும். வாட்டம் பத்து அடிக்கு இரண்டு அங்குலமாவது இருக்கட்டும்.

சுவருக்கு வருவோம். இங்கேதான் அதிகக் கொலை நடக்கிறது. சுண்ணாம்பில் கட்டிய செங்கல்லோ வெட்டுக்கல்லோ மூச்சு விடுகிற சுவர். தரையிலிருந்து ஓதம் ஏறும், பூச்சு வழியே வெளியேறும். அதன் மேல் சிமெண்டு பூசினால் வழி அடைபடும். ஓதம் இன்னும் மேலே ஏறும், கூட வரும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிக் கல்லைப் பொடியாக்கும். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் சிமெண்டுப் பூச்சு கெட்டியாக இருக்கும், அதன் பின்னால் சுவர் மாவாக இருக்கும். "நல்லா பூசினோமே" என்று அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சிமெண்டை உரித்தபின் சுவரை ஒரு கோடைக்காவது காயவிடுங்கள். பிறகு சுண்ணாம்பை நீற்றி, சல்லடையில் சலித்து, தண்ணீருக்கு அடியில் இரண்டு மூன்று வாரம் வைத்து எடுத்து, ஒன்றுக்கு மூன்று மணல். மணலில் உப்பு இருந்தால் எல்லாம் வீண். கடற்கரைப் பக்கத்தில் இதைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். கனமாகப் பூசினால் தோல் இறுகும், உள்ளே பச்சையாகக் கிடக்கும். இரண்டு வாரம் ஈரச்சாக்கு. மேலே வெள்ளையடிப்பு மூன்று கை.

மரத்தில் பார்க்க வேண்டியது சுவருக்குள் புதைந்த கடைசி ஒரு அடி. நடுவில் கட்டை எஃகு மாதிரி இருக்கும், தலை மட்டும் உளுத்திருக்கும். திருப்புளியை அழுத்திப் பாருங்கள், அரை அங்குலம் இறங்கினால் அந்தத் தலை போயிற்று. முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. முட்டுக் கொடுத்து, கெட்ட தலையை அறுத்துவிட்டு, இருபுறமும் புதுக் கட்டை சேர்த்துப் போல்ட் போடலாம். அல்லது கால்வனைஸ் இரும்புத் தாங்கி வைக்கலாம். புதுத் தலையைச் சுற்றிக் காற்றுக்கு விரலளவு இடைவெளி விடுங்கள். கறையானுக்கு நம் பக்கம் பழைய வழக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய். கை வெந்துவிடும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

மரத்துக்குப் பதில் இரும்பு ஐ-பீம் போட்ட கட்டடங்களிலும் இதே கதை, தலையில்தான் துரு. துருவாகும் இரும்பு பல மடங்கு வீங்கும், சுவரைக் கிடையாகப் பிளக்கும். அந்த விரிசலை மட்டும் பூசி மறைப்பது பல்வலிக்கு உதட்டுச் சாயம் பூசுவது மாதிரி.

1950களுக்குப் பிறகு வந்த கான்கிரீட் லாட்ஜ், திரையரங்கம், வங்கிக் கட்டடங்களுக்கு வைத்தியம் வேறு. கம்பி தெரிகிறது என்றாலே இடி என்று சொல்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கான்கிரீட்டைக் கொத்திப் புது முகத்தில் பினாப்தலீன் என்ற சோதனைத் திரவம் தெளித்தீர்களா? இளஞ்சிவப்பானால் அங்கே காரம் இருக்கிறது, கம்பிக்குப் பாதுகாப்பு உண்டு. நிறமே வராத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டால்தான் கவலை. குளோரைடு எவ்வளவு என்று பார்த்தீர்களா? கடலோரத்தில் காரம் இருந்தும் உப்பு கம்பியைத் தின்னும். கம்பி எத்தனை சதவீதம் மெலிந்திருக்கிறது என்று அளந்தீர்களா? மூன்றுக்கும் பதில் இல்லாத அறிக்கைக்கு முத்திரை இருந்தாலும் அது அபிப்பிராயம்தான்.

ஒட்டுப்போடும்போது கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து பூசுவார்கள். பின்பக்கத் துரு அப்படியே இருக்கும், இரண்டு மழையில் மறுபடி தள்ளும். கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. வரை கொத்தி எடுத்து, முழுச் சுற்றும் பளிச்சென்று தெரிய வேண்டும். முட்டுக் கொடுக்காமல் இதைத் தொடக் கூடாது. இன்னொரு சூட்சுமம்: உப்பேறிய தளத்தில் ஒரு இடத்தைப் புதுக் கலவையால் சரிசெய்தால், அதன் விளிம்பை ஒட்டிய பழைய பகுதியில் துரு வேகமெடுக்கும். இதைத் தடுக்க விளிம்பில் துத்தநாகத் துண்டுகளைக் கம்பியோடு கட்டி வைப்பார்கள். கம்பிக்குப் பதில் அது கரையும்.

விரிசலைக் கண்டு பயப்பட வேண்டாம், கணக்கு வையுங்கள். குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதுங்கள். இரண்டு மழையும் கடந்து கண்ணாடி உடையவில்லை என்றால் அது பழைய காயம். மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் அஸ்திவாரத்தில் கோளாறு தேடுங்கள். பெரும்பாலும் பக்கத்து மனையில் தோண்டிய குழியோ உடைந்த சாக்கடையோ இருக்கும். அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள், வேர் சுவரையும் சேர்த்துப் பெயர்க்கும். வெட்டி, வேரைச் சாகவிட்டு, வரிசை வரிசையாகப் பிரித்து எடுத்து, சுண்ணாம்பில் திரும்பக் கட்டுங்கள்.

சரி, பழுது பார்த்தாயிற்று, மேல்மாடியில் யார் இருப்பார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் செய்யும் மராமத்து பத்து வருடத்தில் பாழ். மேல்மாடி காலியாகக் காரணம் மூன்று: கீழ்க்கடைக்குள் புகுந்துதான் படியேற வேண்டும், கழிப்பறை இல்லை, தீப்பிடித்தால் இறங்க வேறு வழி இல்லை. கொல்லைப் பக்கம் இரும்பில் ஒரு தனிப் படிக்கட்டு, அதை ஒட்டித் தனித் தூண்களில் கழிப்பறை அடுக்கு. இந்த ஒரு வேலையில் மூன்றும் தீரும். குழாய் எதுவும் மெட்ராஸ் டெரஸைத் துளைக்காது. ஏசியின் தண்ணீரையும் சுவரில் வழியவிடாமல் குழாயில் இறக்குங்கள். வாடகைக்கு வக்கீல் அலுவலகம், டியூஷன் சென்டர், தையற்கூடம் சரி. ஜவுளிக் குடோன் வேண்டாம், துணிப்பொதி அடுக்கினால் அலுவலகத்துக்கு எண்ணிய சுமையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று ஒரு டன். நான்கை ஒரே மூலையில் வைத்துவிட்டுக் கட்டடத்தைக் குறை சொல்லாதீர்கள்.

பணக் கணக்கும் பாருங்கள். பழைய கட்டடம் தெரு விளிம்பு வரை முழு மனையிலும் நிற்கிறது. இடித்துவிட்டுத் தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி கட்டினால் இடைவெளி விட வேண்டும், வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டும். பதினைந்து அடி அகல மனையில் அதற்குப் பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்று வரைந்து பார்த்துவிட்டு ஜே.சி.பி.க்கு முன்பணம் கொடுங்கள். அந்த விதியில் 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் உயர்மாடிக் கட்டடம். நம் மூன்று மாடி அந்தக் கணக்கிலேயே வராது.

ஆதாரத்தையும் தேடி எடுங்கள். 1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, அதனால் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் 824, அதற்குப் பிறகு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். மரவேலை அளவு அடி அங்குலத்தில் சரியாக வராவிட்டால் தச்சர்களின் பழைய அளவான கோலில் அளந்து பாருங்கள், ஒரு கோல் 24 விரல், 72 செ.மீ.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தும் கேரள அரசு அதைப் பராமரிக்கிறது, நாமும் விருந்தாளிகளைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டுகிறோம். அதே மரம், அதே சுண்ணாம்புதான் கடைத்தெருவிலும். அதற்கு அலுமினியப் பலகை! பலகைக்குப் பின்னால் ஈரம் தேங்கும், தீப்பிடித்தால் அந்த இடைவெளி புகைபோக்கியாக மாறும். முகப்பை மூடுவதற்குச் செலவழிக்கும் காசில் மாடித் தளத்தைச் சரிசெய்யலாம்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. அஸ்திவாரம் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது, தூண்களில் பாதிக்கு மேல் கம்பி கரைந்துவிட்டது என்றால் இடிக்கத்தான் வேண்டும். அப்போதும் மொத்தமாகப் பழைய சாமான்காரரிடம் ஏலம் பேசாதீர்கள். மேலிருந்து கீழாகக் கையால் பிரியுங்கள். தேக்குக் கட்டை, அயனி வாசற்கால், மாடித் தளத்து மெல்லிய செங்கல், தட்டோடு எல்லாம் பக்கத்துக் கட்டடத்தின் மராமத்துக்கு வேண்டியவை, புதிதாக அந்தத் தரத்தில் எளிதில் கிடைக்காது.

காப்பாற்றுவது என்று முடிவெடுத்தால், சிமெண்டை உரித்த சுவர் ஒரு கோடை காய்ந்தபின் அடுத்த ஜனவரியில் சாரம் கட்டுங்கள். மாடி வேலையும் வெளிப்பூச்சும் மே நடுவுக்குள் முடிந்தாக வேண்டும். எடவப்பாதி வரும்போது வெளியே வெறும் வெள்ளையடிப்பு மட்டும் பாக்கி இருந்தால் கணக்கு சரி.